காய்ச்சல் விட்ட நாள்தான் கணக்கு: டெங்குவும் இளவயதும்

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனால் போதும், டெங்குவைப் பற்றிய அதே பழைய வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. "சின்ன வயசுதானே, நாலு நாள் கஞ்சி குடிச்சுப் படுத்தா சரியாயிடும்" என்பார் ஒருவர். "இல்லைங்க, நல்லா ஓடியாடிட்டு இருந்த பிள்ளைங்களே போயிடுதுங்க" என்பார் இன்னொருவர். முன்னவர் நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார், பின்னவர் தெரிந்த ஒரு வீட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் வயதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டெங்குவில் வயதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: உடம்புக்கு இது எத்தனையாவது டெங்கு? காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் இளவயதுக்காரருக்கு ஆபத்து எவ்வளவு என்று ஓரளவு துல்லியமாகப் பேசலாம். தெரியாமல் பேசினால் ஒன்று அலட்சியத்தில் முடியும், அல்லது பீதியில்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2012-ல் அரசுக் கணக்கில் ஏறிய டெங்கு நோயாளிகள் 12,826 பேர், இறந்தவர்கள் 66. 2017-ல் நோயாளிகள் 23,294, இறந்தவர்கள் 65. வகுத்துப் பார்த்தால் 2012-ல் சுமார் 195 பேருக்கு ஒருவர், 2017-ல் சுமார் 360 பேருக்கு ஒருவர். ஐந்தே வருடத்தில் கிருமி பாதி வீரியம் இழந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. மேலே இருக்கும் சாவு எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க, கீழே வகுக்கும் எண் பெருத்திருக்கிறது. அந்தக் கீழ் எண்ணில் வருபவர்கள் பரிசோதனையில் உறுதியாகி, அந்த முடிவு அரசுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் மட்டுமே. தெருமுனை கிளினிக்கில் மாத்திரை வாங்கி, வீட்டிலேயே படுத்து எழுந்தவர் அதில் இல்லை. காய்ச்சலே வராமல் கிருமி வந்து போனவர் நிச்சயமாக இல்லை. இலங்கையில் அதே 2017-ல் 1,86,101 பேர் நோயாளிகளாகப் பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். அங்கே சந்தேகத்துக்குரிய நோயாளியையும் மருத்துவமனைகள் அறிவிக்கும் வழக்கம் இருப்பதால் கீழ் எண் பெரிது. ஆகவே "டெங்குவில் நூற்றுக்கு இத்தனை பேர் சாகிறார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த நூறு என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிருமி உடம்பில் ஏறிய எல்லோரையும் கணக்கில் எடுத்தால் படம் வேறு மாதிரி. ஆயிரம் பேருக்குக் கிருமி தொற்றினால் நான்கில் ஒருவருக்குத்தான், அதாவது சுமார் 250 பேருக்குத்தான், நோய் என்று ஒன்று தெரியும். நோய்ப்பட்டவர்களில் இருபதில் ஒருவருக்கு அது கடுமையாகும். அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் சரியான சிகிச்சை இல்லாமல் விடப்பட்டால் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறக்கலாம். நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்து, பழகிய கைகளில் சிகிச்சை கிடைத்தால் அதே விகிதம் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தை மருந்து கடக்கவில்லை. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. உப்புநீரும், சரியான நேரமும், அடிக்கடி வந்து பார்க்கும் நர்ஸும்தான் கடக்கிறார்கள். இளவயதுக்காரரின் ஆபத்து என்பது பெரும்பாலும் இந்த நேரத்தைத் தவறவிடும் ஆபத்து.

இனி முதல் கேள்வி: எத்தனையாவது டெங்கு?

டெங்குக் கிருமியில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிரான பாதுகாப்பு ஆயுளுக்கும் நிற்கும். மற்ற மூன்றுக்கும் எதிராகச் சில மாதங்கள் நிற்கும், பிறகு தேய்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. முதல் தொற்றை எதிர்க்க உடம்பு உருவாக்கிய பழைய எதிரணுக்கள் புது வகைக் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்கும் வலு அவற்றுக்கு இருக்காது. அப்படி அரைகுறையாக ஒட்டிய எதிரணுவைப் பிடித்துக்கொண்டே கிருமி நம் வெள்ளணுக்களுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். வீட்டுக் காவலாளே கதவைத் திறந்து விடுவது போல. 1960-களில் தாய்லாந்தில் குழந்தைகள் கொத்தாக அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் குலைந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலைக்கு) போனதைக் கவனித்த ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற ஆய்வாளர், கடுமையாவது பெரும்பாலும் இரண்டாவது தொற்றுதான் என்று சொன்னார்.

இதை கியூபாவின் வரலாறு சொல்வது போல வேறு எதுவும் சொல்லாது. 1977-ல் அங்கே முதல் வகை டெங்கு பரவியது. பெரிய உயிர்ச்சேதம் இல்லை. 1981-ல் இரண்டாம் வகை வந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 158 சாவு, அதில் 101 பேர் குழந்தைகள். அப்போது கேட்டிருந்தால் எல்லோரும் "டெங்கு பிள்ளைகளைத்தான் கொல்லும்" என்றிருப்பார்கள். பிறகு பல வருடம் கொசு ஒழிப்பால் தீவு டெங்கு இல்லாமல் இருந்தது. 1997-ல் சாந்தியாகோ தெ கியூபா நகருக்கு மறுபடி இரண்டாம் வகை வந்தது. இம்முறை இறந்தவர்கள் 12 பேர். அத்தனை பேரும் பெரியவர்கள். 1981-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு 1997-ல் வந்தது முதல் டெங்கு. 1977-ல் முதல் வகையை வாங்கியிருந்த பெரியவர்களுக்கு அது இரண்டாவது. அதே தீவு, அதே வகைக் கிருமி, பதினாறு வருட இடைவெளியில் ஆபத்து வயதை மாற்றிக்கொண்டது.

இதற்காக வயது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது தொற்றிலேயே, சின்னக் குழந்தையின் நுண்குழாய்ச் சுவர் பெரியவருடையதைவிடச் சுலபமாகக் கசியும். 1981 கியூபாவில் இரண்டாவது தொற்றில் குழந்தை இறக்கும் வாய்ப்பு பெரியவரைப் போலப் பல மடங்கு இருந்தது. பத்து வயதைத் தாண்டினால் அது நன்றாகக் குறைகிறது. ஐம்பதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று வேறு கணக்குகள் சேர்ந்து மறுபடி ஏறுகிறது. ஆக, பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வரை உள்ளவர்களுக்குச் சராசரி ஆபத்து குறைவு என்பவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சராசரியின் கீழே ஒளிந்திருப்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

வயதை மட்டும் நம்பியதற்கு உலகம் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. டெங்வாக்சியா என்ற தடுப்பூசியை ஒன்பது வயதும் அதற்கு மேலும் என்று வரம்பு வைத்துக் கொடுத்தார்கள். டெங்கு அதிகமுள்ள நாட்டில் ஒன்பது வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடவை வந்திருக்கும் என்ற எண்ணம் அந்த வரம்புக்குத் துணையாக இருந்தது. பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிகளில் தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசியே ஒரு முதல் டெங்கு போல வேலை செய்து, பின்னால் வரும் உண்மையான டெங்குவைக் கடுமையாக்கும் வாய்ப்பு இருப்பதைத் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அப்படிப்பட்ட ஆயிரம் பிள்ளைகளில் ஐந்து வருடத்தில் கூடுதலாக ஐந்து பேர் மருத்துவமனையில் சேர நேரும், இரண்டு பேருக்குக் கடுமையாகும் என்பது கணிப்பு. சின்ன எண்தான். ஆனால் நன்றாக இருந்த பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்த ஊசி. திட்டம் நின்றது, மற்ற தடுப்பூசிகள் மீதான நம்பிக்கையும் அங்கே சரிந்தது.

நம் ஊருக்கு வருவோம். 2017-18-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்ததில், தென் மாநிலங்களில் 76.9 சதவீதம் பேருக்கு முன்பு டெங்கு வந்ததற்கான தடயம் இருந்தது. நாட்டளவில் 5 முதல் 8 வயதில் 28.3 சதவீதம், 18 முதல் 45 வயதில் 56.2 சதவீதம். சென்னையில் மட்டும் தனியாக நடந்த இன்னோர் ஆய்வில் அது 93 சதவீதம். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். சென்னையில் வளர்ந்த இருபது வயதுப் பையன் "எனக்கு இதுவரை டெங்கு வந்ததே இல்லை" என்று சொல்வான். நான்கில் மூன்று தொற்று சத்தமில்லாமல் வந்து போகும் என்பதால் அவன் சொல்வதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. அவனுக்கு இப்போது வந்திருக்கும் "முதல்" டெங்கு, உடம்பின் கணக்கில் இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவனுடைய தாத்தாவுக்கு இரண்டு மூன்று வகை வந்து போயிருக்கும். இரண்டு தொற்றைத் தாண்டியவர்களுக்குக் கடுமையாவது குறைவு. இரண்டாவது தொற்று என்ற அந்தக் குறுகிய பாலத்தில் நம் ஊரில் இப்போது நடந்துகொண்டிருப்பவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும்தான்.

இரண்டாவது கேள்வி: எத்தனையாவது நாள்?

காய்ச்சல் தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். "திங்கட்கிழமை" என்று எழுதினால் போதாது. "திங்கள் இரவு எட்டு மணி" என்று எழுத வேண்டும். செவ்வாய் இரவு எட்டு மணிக்குத்தான் ஒரு நாள் முடிகிறது. முதல் மூன்று நாள் கிருமி ரத்தத்தில் கொட்டிக் கிடக்கும்: 103, 104 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிகிற மாதிரி வலி, வாய்க் கசப்பு. பார்க்கப் பயமாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து குறைந்த கட்டம் இதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்தாம் நாள், காய்ச்சல் இறங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறவர்களுக்கு அந்தக் கசிவு தொடங்குவது அப்போதுதான். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும்.

அம்மா ஊரிலிருந்து போனில் கேட்பார்: "தம்பி, ஜுரம் விட்டுச்சா?" "விட்டுடுச்சும்மா. உடம்புதான் அசதியா இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போயிடுவேன்." இந்த உரையாடல் நடக்கும் நேரம்தான் மொத்த நோயிலும் மோசமான நேரம். மற்ற எல்லாக் காய்ச்சலிலும் விட்டது என்றால் நிம்மதி. ஆயுள் முழுக்கப் பழகிய அந்தப் பாடத்தை டெங்கு தலைகீழாக்குகிறது.

கசிவு என்றால் என்ன? நுண்குழாய்களின் உட்சுவரில் மெல்லிய ஒரு பூச்சு உண்டு. கிருமியின் என்.எஸ்.1 புரதமும், அதை எதிர்க்கும் நம் உடம்பின் ஆர்ப்பாட்டமும் சேர்ந்து அந்தப் பூச்சைக் குலைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. குழாய்க்குள் மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டியாகிறது. ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலே குழாய் காலியாகிறது. பெரும்பாலானவர்கள் டெங்கு என்றால் ரத்தக் கசிவு என்று நினைக்கிறார்கள். உயிரை எடுப்பது முதலில் இந்த நீர்க் கசிவு.

இளவயது உடம்பு ஏமாற்றுவது இங்கேதான். குழாயில் அளவு குறைந்தால் நல்ல இதயம் வேகமாக அடிக்கும். நல்ல ரத்தக் குழாய்கள் கை, கால், தோல் பக்கம் இறுக மூடிக்கொண்டு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கும். அறுபது வயது உடம்புக்கு இந்தச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே ஆபத்து சீக்கிரமே வெளியே தெரியும். இருபத்திரண்டு வயது உடம்பு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மேல் எண் ரத்த அழுத்தம் நார்மல், நினைவு தெளிவு, கையில் போன். பிறகு தாங்கும் சக்தி தீரும்போது படிப்படியாக இறங்காது. ஒரே சரிவாக விழும். அந்தச் சரிவுக்குப் பிறகு மீட்பது மிகக் கடினம்.

ஆகவே மேல் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழிக்க வேண்டும். 120/80 என்றால் இடைவெளி 40, நன்று. அதே ஆளுக்கு ஆறு மணி நேரம் கழித்து 112/86 என்றால் இடைவெளி 26. "ப்ரஷர் நார்மல்தான்" என்று சொல்லி நகரக் கூடாத எண். 108/90 என்றால் 18. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது, அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும். மெஷின் இல்லாத அறையில் விரல் போதும்: நோயாளியின் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். தாமதமானால், உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தால், அப்போதே ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்றுவலி, குறிப்பாக வலப்பக்க விலாவுக்குக் கீழே, அடுத்தடுத்து வாந்தி, ஈறு, மூக்கில் ரத்தம், கறுத்த மலம், ஒரே இருப்பாக இருக்க முடியாத தவிப்பு அல்லது எழுப்பினாலும் எழாத தூக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இவற்றில் ஒன்று போதும். இரண்டாவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் ஏமாறுவது எப்படி

எல்லோரும் கேட்பது "ப்ளேட்லெட் எவ்வளவு?" சி.பி.சி. என்ற ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனைத் தாளில் அதற்கு மேலே பி.சி.வி. அல்லது ஹெமட்டோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை அது சொல்லும். தொடக்கத்தில் இருந்த அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு குறிப்பிடத்தக்கது. 40 இருந்தது 48 ஆனால் 20 சதவீதம்.

தட்டணு (ப்ளேட்லெட்) 30,000, பி.சி.வி. மூன்று நாளாக 41, 42, 41. நன்றாகச் சாப்பிடுகிறார், சிறுநீர் போகிறது, கை கதகதப்பு. இவர் அநேகமாகத் தேறி வருகிறார். தட்டணு 90,000, பி.சி.வி. 40-லிருந்து 47, வயிற்றுவலி, கை சில்லிப்பு. இவர்தான் ஆபத்தில் இருக்கிறார். ஆனால் முதலாமவர் வீட்டில்தான் ரத்த வங்கிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாமவரை "இன்னும் தொண்ணூறாயிரம் இருக்கே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2017-ல் வெளியான சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளின் ஆய்வில், 20,000-க்கும் கீழே இறங்கிய பெரியவர்களுக்கு ரத்தம் கசியாதபோதே முன்கூட்டித் தட்டணு ஏற்றியது ரத்தக் கசிவைத் தடுக்கவில்லை. ஒவ்வாமை போன்ற பக்க விளைவுகள்தான் கூடின. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவதை ஓர் அலாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்: கசிவு நேரம் நெருங்குகிறது, மருத்துவமனைப் பக்கம் போ என்று அது சொல்கிறது.

இளம்பெண்கள் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இதை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ரத்தசோகை உள்ள பெண்கள் ஏராளம். ஒரு பெண்ணின் வழக்கமான பி.சி.வி. 33 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் அது 40. லேப் தாளில் 40 என்பது நார்மல் வரம்புக்குள் இருக்கும். தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. ஆனால் அவளுக்கு அது 21 சதவீத ஏற்றம். முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ எடுத்த சி.பி.சி. கையில் இருந்தால்தான் இது பிடிபடும். அதனால்தான் "இப்பவே எதுக்கு ரத்தம் எடுக்கணும்" என்ற கேள்விக்கு விடை: ஒப்பிட ஒரு எண் வேண்டும். அதன் பிறகு மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு தடவை. அதே போல், மாதவிலக்கு அந்த வாரத்தில் வந்தால் போக்கு வழக்கத்தைவிட அதிகமாகலாம். மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டிய செய்தி அது.

கிருமியின் அந்த என்.எஸ்.1 புரதத்தைத் தேடும் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததும் டெங்கு இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. முதல் நாலைந்து நாளில்தான் அது நன்றாகத் தெரியும். இரண்டாவது தொற்றில் இன்னும் சீக்கிரமே மறைந்துவிடும். ஐ.ஜி.எம். என்ற எதிரணு தெரிய ஐந்தாம் நாள் ஆகும். நடுவே நாலாம் நாளில் எடுத்த பரிசோதனையில் இரண்டும் நழுவிப் போகலாம். ஊரெல்லாம் டெங்கு இருக்கும்போது, நெகட்டிவ் தாளைவிட வயிற்றுவலிக்கும் பி.சி.வி.க்கும் மதிப்பு கூடுதல்.

வீட்டில், விடுதியில் செய்ய வேண்டியது

பாராசிட்டமால் மட்டும். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. குழந்தைக்கு ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். தெரியாமல் இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகும், டெங்கு ஏற்கெனவே கல்லீரலைத்தான் போட்டு வாட்டிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் முழுவதும் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 101-க்கு வந்தாலே ஆள் தண்ணீர் குடிக்கும் தெம்புக்கு வருவார், அது போதும். நடுவில் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைக்கலாம்.

புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், மாதவிலக்கு வலிக்குப் போடும் மெஃபெனமிக் அமிலம் எதுவும் கூடாது. இவை வயிற்றுச் சுவரை அரிக்கும், தட்டணுவின் வேலையையும் கெடுக்கும். வேலைக்குப் போகும் இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். "ஒரு ஊசி போட்டா உடனே எந்திரிச்சிடலாம்" என்று இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். கூடவே ஸ்டீராய்டு இருந்தாலும் ஆச்சரியமில்லை. வலி மறையும், காய்ச்சல் மறையும், கூடவே எச்சரிக்கை அறிகுறிகளும் மறையும். தட்டணு குறைந்த உடம்பில் தசை ஊசி போட்ட இடமே ரத்தம் கட்டி வீங்கும்.

குடிக்கும் அளவு: ஐம்பது கிலோவும் மேலும் உள்ளவருக்கு 24 மணி நேரத்தில் சுமார் இரண்டரை லிட்டர். அதற்குக் கீழே கிலோவுக்கு 50 மில்லி. வெறும் தண்ணீராகவே இரண்டரை லிட்டரையும் குடித்தால் சோடியம் இறங்கும், தலைச்சுற்றலும் குமட்டலும் கூடும். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். (பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரே லிட்டரில் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பின் அளவு தப்பும்), மீதிக்கு உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர், பழச்சாறு. பீட்ரூட், மாதுளை மாதிரிச் சிவந்த சாறும் கறுத்த குளிர்பானமும் இந்த வாரத்துக்கு வேண்டாம். வாந்தியில் வருவது சாறா ரத்தமா என்று நள்ளிரவில் யாராலும் சொல்ல முடியாது. வாந்தி வருபவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு. போதுமா என்பதைச் சிறுநீர் சொல்லும்: நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது, வெளிர் நிறத்தில். நிலவேம்புக் கஷாயமோ பப்பாளி இலைச் சாறோ குடிக்கிறவர்கள் உண்டு; மேலே சொன்ன கண்காணிப்பில் எதையும் அது ஈடுசெய்யாது. இலைச் சாறு குடித்து வாந்தி எடுப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும், வாந்தி ஆபத்து அறிகுறியோடு குழம்பும்.

அதிகமாகக் கொடுப்பதும் ஆபத்துதான். இலங்கை மருத்துவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். கசிவு நடக்கும் 48 மணி நேரத்துக்கு, ஐம்பது கிலோ ஆளுக்கு, வாயாலும் டிரிப்ஸாலும் சேர்த்து 4,600 மில்லி என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றாடத் தேவை 2,100, உடல் எடையில் ஐந்து சதவீதம் 2,500. இரண்டையும் கூட்டிய எண் அது. முதல் பன்னிரண்டு மணி நேரத்திலேயே அதைக் கொட்டித் தீர்த்துவிட்டால், கசியும் குழாய் வழியாக அத்தனையும் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சுத் திணறும். டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நண்பர்கள் அன்பால் மூன்று இளநீரை வாயில் ஊற்றுவது இந்தக் கணக்கைக் குலைக்கும். நர்ஸ் எழுதும் தாளில் அந்த இளநீரும் ஏற வேண்டும்.

அறையில் தனியாக இருப்பவருக்கு ஒரு துணை கட்டாயம் வேண்டும், முக்கியமாக நாலாம், ஐந்தாம், ஆறாம் நாள் இரவுகளில். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றி விழுவார்கள். பாத்ரூமில் தாழ் போடக் கூடாது. முதல் ஐந்தாறு நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. அவரைக் கடித்த கொசுதான் அடுத்த கட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும்.

இளவயது என்றாலும் காத்திருக்காமல் தொடக்கத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் உண்டு: கர்ப்பிணி, உடல் பருமன் உள்ளவர், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், பிறவி ரத்தக் கோளாறு உள்ளவர். தொலைவான ஊரில் தனியாக இருப்பவரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவருடைய உடம்பில் குறை இல்லை, ஆனால் நள்ளிரவில் நகத்தை அழுத்திப் பார்க்க ஆள் இல்லை.

கசிவு நின்ற பிறகு வெளியே போன நீர் மறுபடி குழாய்க்குள் திரும்பும். அப்போது சிறுநீர் நிறையப் போகும், பசி எடுக்கும், சிவந்த தோலில் வெள்ளைத் தீவுகள் போலத் தடிப்பு தெரியும், உள்ளங்கையும் பாதமும் அரிக்கும். தேறுவதன் அடையாளம் அது. டிரிப்ஸை நிறுத்த வேண்டிய நேரமும் அதுவே. மாத்திரை இல்லாமலே இரண்டு நாள் காய்ச்சல் வராமல், சாப்பிட்டு, தட்டணு ஏறத் தொடங்கி, டிரிப்ஸ் இல்லாமல் பி.சி.வி. நிலையாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அசதி சில வாரம் இழுக்கும். தட்டணு பழைய நிலைக்கு வரும்வரை பைக் ரேஸ், கால்பந்து, ஜிம் எதுவும் வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, முழுக்கத் தேறியதும், இன்னொரு சி.பி.சி. எடுத்து அந்தத் தாளையும் என்.எஸ்.1, ஐ.ஜி.ஜி. (இன்னொரு எதிரணுப் பரிசோதனை) தாள்களையும் ஒரே உறையில் போட்டு, போனிலும் படம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல இரண்டு செய்திகள் அதில் இருக்கும்: முன்பு டெங்கு வந்தது எந்த வருடம், வழக்கமான பி.சி.வி. எவ்வளவு.